ஐம்பத்துமூன்று அடி

வவாவில் வண்டியை நிறுத்தும்போது
இரவு பத்தேகால். மைனஸ் இருபத்தெட்டு.
எஞ்சினை அணைத்தால் டீசல் கட்டிவிடும்.
அது உறுமிக்கொண்டு நிற்க
நான் இறங்கி
அதைச் சுற்றத் தொடங்குகிறேன்.

பெட்டி மட்டும் ஐம்பத்துமூன்று அடி.
தலையையும் சேர்த்தால் எழுபதுக்கு மேல்.
பதினேழு சுற்று ஒரு கிலோமீற்றர்,
நாடா பிடித்து அளந்தது.
முதுகில் எட்டுக் கிலோ, எல்லாம் தண்ணீர்ப் போத்தல்.
இரண்டாவது கிலோமீற்றரில்
குலுங்குகிற சத்தம் நின்றுவிடும்,
உறைந்து.
காட்டுவழிக்குத் தண்ணீர் சுமந்து பழகவேண்டுமாம்.
யால வெயிலுக்கு நான்
இமைமயிரில் பனி கட்டப் பழகுகிறேன்.

இருபத்தாறு வருடம்
முப்பது லட்சம் கிலோமீற்றர்
எல்லாம் இருந்தபடி.
வலது கால் தொழிலாளி.
இடது கால்,
கியர் தானாய் மாறும் வண்டி வந்த நாளிலிருந்து
டிக்கெட் எடுக்காமல் கூட வந்த பிரயாணி.
முதல் கொப்புளம் அதற்குத்தான்.
இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க
படுக்கைப் பெட்டியின் கூரையில் தலை இடித்து
முருகா என்றேன்.
பக்தியில் அல்ல.

நேர்த்தி என்னுடையதும் அல்ல.
மொன்றியலில் என் அகதி வழக்கு
மூன்றாம் முறை தள்ளிப்போன அன்று
தவமலர் வைத்தது:
'இவருக்குக் காகிதம் கிடைச்சால்
கதிர்காமத்துக்கு நடந்து வாறன்.'
கிடைத்தது.
பிறகு பிள்ளைகள், வீட்டுக் கடன்,
பிஸ்கட் தொழிற்சாலையில்
பத்தொன்பது வருடம் நின்ற நிலை.
இப்போது அவளுடைய முழங்கால் இரண்டும் உலோகம்,
விமான நிலையத்தில் கத்தும்.

வங்கிக்குக் கட்டி முடித்தோம்.
'இந்தக் கடனுக்கு வட்டி இல்லை,
அதுதான் நித்திரை வருகுதில்லை' என்றாள்.
'எனக்குப் பதிலா நீங்கள் நடக்கலாமோ?'
'லைசென்ஸ் ஆள் மாற ஏலாது' என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

இப்போது தொலைபேசியில் தினமும்:
'இண்டைக்கு எத்தினை?'
'முப்பத்தைஞ்சு.'
'வெறுங்காலோ?'
'பனியடி. சப்பாத்து.'
'அங்கை சப்பாத்து இல்லை.'

மாசியிலிருந்து மச்சமும் இல்லை.
ஆனால் பெட்டிக்குள் பதினெட்டுத் தொன்
உறைந்த கோழி, வினிபெக்குக்கு.
அதை நடுவில் வைத்துச்
சைவமாய் வலம் வருகிறவனை
எந்தப் பக்கத்தில் எழுதுவார்களோ.
அவனுடைய கொடியிலும் சேவல்தானே,
சமாளித்துக்கொள்வான்.

சித்திரையில் சரளைக்கல் தெரிந்தது.
காலுறையைக் கழற்றினேன்.
வெயிலே படாத பாதம்,
என்னுடையது என்று சொல்லவே கூச்சம்.
நான்கு எட்டு வைப்பதற்குள்
கைகள் இரண்டும் தாமாய் விரிந்துகொண்டன,
கம்பியில் நடப்பவன்போல.

பக்கத்து வண்டியிலிருந்து குர்லால் எட்டிப்பார்த்தான்.
எண்ணெய் ஒழுகுகிறதா, என்ன தேடுகிறாய்?
ரயர் பார்க்க ஒருமுறை சுற்றினால் போதுமே.
சொன்னேன்.
கொஞ்சநேரம் என் காலைப் பார்த்தான்.
கதவுப்படியில் தேநீரோடு உட்கார்ந்து
ஒரு டப்பா நட்டுகளைத் திறந்தான்.
சுற்றுக்கு ஒன்றாய்
டக், டக் என்று பம்பரில் வைத்தான்.

'இருபத்துநாலு' என்றான் ஓரிடத்தில்.
என் கணக்கில் இருபத்துமூன்று.
காகித லாக்புக் காலத்தில்
மணியைத் திருத்தி எழுதாத சாரதி யார்?
நானும் எழுதியிருக்கிறேன்,
இதே மேற்குச் சாலையில்.

ஒரு நட்டை எடுத்து
அவன் டப்பாவுக்குள் திருப்பிப் போட்டேன்.
அவன் தேநீரை மூடி வைத்தான்.
நான் இன்னொரு சுற்றுக்குத் திரும்பினேன்,
இம்முறை விளக்குத்தூணுக்கு அந்தப் பக்கத்தால்,
கல் பெரிதாய்க் கிடக்கும் இடத்தால்.